தப்பு வந்த பேப்பர எடுத்து மேசையில வைங்க

டீச்சர் பதில்கள்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்சாப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே சங்கதிதான், பிள்ளை பெயில், நான் பெயில், தம்பி கடை பெயில். ரிசல்ட் வர்ற மாசம்ல, அப்படித்தான் இருக்கும். பலகாரக் குறிப்பு கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: டீச்சர், என் மகன் தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷமும் மொத ரெண்டு எடத்துக்குள்ளதான் வருவான். பொறப்புலயே மூளைக்காரன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். இப்போ படிவம் 2. போன வாரம் மெத்தைய தூக்கி வெயில்ல போடலாம்னு எடுத்தா அடியில கணக்கு பேப்பர், 38 மார்க்கு. கேட்டா "வாத்தியார் இன்னும் குடுக்கலம்மா"ங்கறான். இது வரைக்கும் பொய்யே சொன்னதில்ல டீச்சர். நான் எங்க தப்பு பண்ணினேன்? (ஒரு அம்மா, பீடோங்)

பதில்: அவன் பொய் சொன்னத பெரிய குத்தமா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க ஊர் பூரா சொன்ன அந்தப் பேரக் காப்பாத்தத்தான் பேப்பர ஒளிச்சிருக்கான். பொறப்புலயே மூளைன்னு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 38 மார்க்குன்னா, அவன் கணக்குப்படி, மூளை இல்லன்னு அர்த்தம். அத யாரு கொண்டாந்து பெத்தவ கையில குடுப்பா?

இது உங்க வீட்டுல மட்டும் நடக்கறது இல்ல. அமெரிக்காவுல கேரல் டிவெக்னு ஒரு மனோதத்துவ பேராசிரியை, அவங்களும் கிளாடியா முல்லர்னு இன்னொருத்தரும் 1998-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு பட புதிர் மாதிரி ஒரு டெஸ்ட் குடுத்து, முடிச்சதும் கொஞ்சம் பேருக்கு "நீ கெட்டிக்கார பிள்ளை"ன்னு பாராட்டு, இன்னும் கொஞ்சம் பேருக்கு "நல்லா பாடுபட்டிருக்க"ன்னு பாராட்டு, வித்தியாசம் அந்த ஒரு வரிதான். அடுத்து வேணும்னே ரொம்ப கஷ்டமான புதிர், எல்லாரும் திணறிட்டாங்க. அப்புறம் திரும்பவும் மொத தடவை மாதிரி லேசானது குடுத்தாங்க. கெட்டிக்காரன்னு பேர் வாங்கினவங்க மொத தடவைய விட மட்டமா செஞ்சாங்க, பாடுபட்டேன்னு பேர் வாங்கினவங்க முன்னைய விட நல்லா செஞ்சாங்க. இதுல எனக்கு வயித்த கலக்கினது வேற ஒண்ணு. வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு உன் மார்க்க எழுதி அனுப்புன்னு சொன்னப்போ, கெட்டிக்காரங்க கூட்டத்துல ஏறக்குறைய பத்துல நாலு பேர் மார்க்க கூட்டி எழுதினாங்க! யாருன்னே தெரியாத பிள்ளைகிட்ட. அப்போ பெத்த அம்மாகிட்ட ஒளிக்கறது ஆச்சரியமா என்ன.

இன்னொண்ணும் பாருங்க. தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப்பள்ளிக்குப் போற பிள்ளைக்கு கணக்குப் பாடம் மட்டும் மாறல, வகுப்பு மாறுது, கூட்டாளி மாறுறாங்க, கேள்வி மலாய்ல வருது. தமிழ்ல கேட்டா படபடன்னு போடுற பிள்ளை மூணு வரி மலாய் கேள்விய படிச்சுட்டு, எத கண்டுபிடிக்கச் சொல்றான்னே புரியாம உக்காந்திருப்பான், அதுக்கும் பேரு கணக்குல பெயில்தான். அதனால 38-அ பார்க்காதீங்க, பேப்பர பாருங்க. அவனயும் பக்கத்துல உக்கார வச்சு, இது கேள்வி புரியாம விட்டது, இது வழி தெரியாம விட்டது, இது அவசரத்துல கூட்டல்ல விட்டதுன்னு கலர் பேனாவுல பிரிக்கச் சொல்லுங்க, நீங்க பிரிக்காதீங்க, அவன் பிரிக்கட்டும். உங்களுக்கு கணக்கு தெரியணும்னே அவசியம் இல்ல, "இது எந்த ஜாதி தப்பு"ன்னு கேட்டா போதும். அப்படிப் பிரிச்சா 38-ல இருந்து எங்க ஏறணும்னு அவனுக்கே தெரியும், வெறுமனே மூளை இல்லன்னு உக்காந்திருந்தா எங்க ஏறுறது?

அதுக்காக நாளையிலேருந்து "நல்லா உழைச்ச, நல்லா உழைச்ச"ன்னு வாய் வலிக்கச் சொல்ல ஆரம்பிச்சுடாதீங்க. ஒண்ணுமே கத்துக்காத பிள்ளைய சும்மா உழைப்புக்காக தட்டிக் குடுக்கறது பிரயோஜனம் இல்லன்னு டிவெக்கே பின்னாடி சொல்லியிருக்காங்க. என்ன மாத்தி செஞ்சான்னு பார்த்து அத சொல்லுங்க. சொந்தக்காரங்க வந்தா அவங்க முன்னாடி மார்க்கு பேச்சே வேணாம், அந்தச் சித்தப்பா கேட்டாலும் சரி. (எல்லார் வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருக்காரு.)

கேள்வி: டீச்சரம்மா, நான் ரப்பர் தோட்டத்துல மண்டோரா (வேலையாட்கள மேய்க்கற ஆளு) இருந்து ரிட்டயர் ஆனவன். அந்தக் காலத்துல பால்மரம் வெட்டக் கத்துக்கும்போது மரத்துல காயம் பண்ணினா பெரட்டுல, அதான் காலையில ஆள் கணக்கு எடுக்கற எடத்துல, நிக்க வச்சு அத்தன பேர் முன்னாடி ஏசுவாங்க, அப்படித்தான் கத்துக்கிட்டோம், கையும் நல்லா வந்துச்சு. இப்போ நீங்க எழுதறதெல்லாம் படிச்சா பிள்ளைங்கள ஒரு சொல் சொல்லக்கூடாதுங்கற மாதிரி இருக்கு. ஏச்சு வாங்காம எவன் உருப்பட்டான்? (ஒரு பழைய மண்டோர், சுங்கை லாலாங்)

பதில்: ஐயா, உங்க கை வேலையில நான் குறை சொல்ல மாட்டேன். பட்டையில பால் குழாய் அதிகமா இருக்கறது உள்பக்கம், மரத்த ஒட்டி. மேலாக்க வெட்டினா பால் கம்மி, கொஞ்சம் ஆழமா போயிட்டா மரத்துல காயம், அப்புறம் அங்க புதுசா வளர்ற பட்டை முண்டும் முடிச்சுமா வந்து, திரும்ப வெட்ட வர்றப்போ கத்தி நேரா ஓடாது. நடுவுல இருக்கற எடம் ஒரு மில்லிமீட்டர் கணக்குதான், அதயும் விடியாத இருட்டுல, தலையில விளக்கோட. இந்த வேலைய கத்துக்கிட்டவங்கள படிக்காதவங்கன்னு சொன்னா எனக்கு கோவம் வரும்.

ஆனா ஒண்ணு ஞாபகப்படுத்திப் பாருங்க. புது ஆள எந்த மரத்துல விடுவாங்க? நல்லா பால் குடுக்கற இளமரத்துலயா? சாய்க்கப் போற கெழட்டு மரத்துலதானே வெட்டிப் பழக விடுவாங்க, அங்க எத்தன காயம் பண்ணினாலும் தோட்டத்துக்கு நஷ்டம் இல்ல. என்னக் கேட்டா உங்களுக்கு கை வந்தது அந்த கெழட்டு மரத்துலதான் ஐயா, பெரட்டு ஏச்சுல இல்ல. ஏச்சு மனசுல நின்னுடுச்சு, வலிச்சதாச்சே. மரம் சத்தம் போடாம கத்துக் குடுத்துச்சு, அத மறந்துட்டோம்.

ஏசினா என்ன ஆகும்னா, தப்பு குறையாது, தப்ப சொல்றது குறையும். 1990-கள்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல மருந்து மாத்திக் குடுக்கற தப்ப பத்தி ஆராய்ஞ்சாங்க. நல்ல குழுவுல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சுப் போனாங்க, போய் பார்த்தா நல்ல தலைவர் இருந்த குழுவுலதான் கணக்குல தப்பு அதிகமா காட்டுச்சு. துருவிப் பார்த்தா, அங்க ஆளுங்க பயப்படாம சொல்றாங்க, மத்த எடத்துல வாய மூடிக்கிட்டிருக்காங்க. உங்க நெரையிலயும் காயத்து மேல மண்ண அப்பி மறைச்சவங்க இருந்திருப்பாங்களே, உங்களுக்குத் தெரியாததா.

அதுக்காக ஒண்ணுமே சொல்லக்கூடாதுன்னு நான் எங்கயும் எழுதல. கத்திய எப்படிப் பிடிச்சான்னு கைய பிடிச்சுக் காட்டி, "இங்க ஆழமா போச்சு பாரு"ன்னு அந்த மரத்துகிட்டயே நின்னு சொல்லுங்க, கடுமையா வேணும்னாலும் சொல்லுங்க. பெரட்டுல அத்தன பேர் முன்னாடி நிக்க வச்சா அவன் காதுல விழறது மத்தவங்க சிரிப்பு மட்டும்தான். பேரப்பிள்ளைக்கும் இதேதான் ஐயா.

கேள்வி: எனக்கு ஜாதகத்துல படிப்பு ஸ்தானம் சரியில்லன்னு சொல்லிட்டாங்க. படிவம் 5 போறேன். படிச்சு பிரயோஜனம் உண்டா? (மாணவி, பேர் வேண்டாம்)

பதில்: ஜோசியர் உன் கணக்கு நோட்ட பார்த்தாராம்மா? பார்க்கலன்னா விடு. எனக்கு ஜாதகத்தோட சண்டை இல்ல, கல்யாணத்துக்கு பார்க்கறவங்க பார்க்கட்டும். ஆனா உன் விஷயத்துல அது ஒரு கெடுதல் பண்ணுது, ஒவ்வொரு தப்புக்கும் பதில் முன்னாடியே ரெடியா இருக்கு, "ஸ்தானம் சரியில்ல", அப்புறம் நீ எதுக்கு பேப்பர புரட்டப் போற? ஒரு மூணு மாசம் அந்தப் பேச்ச யாரும் எடுக்கக்கூடாதுன்னு வீட்டுல சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.

கேள்வி: டீச்சர், எஸ்பிஎம்ல (படிவம் 5 முடிவுல எழுதற அரசாங்கப் பரீட்சை) எல்லாம் பாஸ், செஜாரா (சரித்திரம்) மட்டும் போச்சு, அதனால சர்டிபிகேட்டே கைக்கு வரல. திரும்ப எழுதப் போறேன். புத்தகத்த அத்தன தடவை படிச்சேன், ஹைலைட்டர் போட்டு பக்கமெல்லாம் மஞ்சள், பரீட்சையில உக்காந்தா ஒண்ணும் வரல. எனக்கு ஞாபக சக்தியே இல்ல போல. (சுங்கைப்பட்டாணி பேக்டரியில வேலை செய்யும் ஒரு தங்கச்சி)

பதில்: செஜாரா பாஸ் கட்டாயம்னு 2013-லேருந்து வந்துச்சு, அதுல மாட்டின பிள்ளைங்க நெறைய, நீ மட்டும் இல்ல. ஞாபக சக்தி இல்லன்னு யாரு சொன்னா, பேக்டரியில எந்த மெஷினுக்கு எந்த பட்டன்னு தெரியுதுல்ல? நீ படிக்கற விதம் உன்ன ஏமாத்துது. திரும்பத் திரும்ப படிச்சா பக்கம் பழகின முகமா தெரியும், தெரிஞ்ச மாதிரியே இருக்கும், மூடி வச்சுட்டு சொல்லச் சொன்னா வராது.

ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் 2006-ல இத சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரே பாடத்த கொஞ்சம் பேர் ரெண்டு தடவை படிச்சாங்க, கொஞ்சம் பேர் ஒரு தடவை படிச்சுட்டு புத்தகத்த மூடிட்டு ஞாபகம் வர்றத எழுதிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா ரெண்டு தடவை படிச்சவங்க முன்னாடி, நூத்துக்கு 81, மத்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சு கேட்டா தலைகீழ், படிச்சவங்க 42, எழுதிப் பார்த்தவங்க 56. பரீட்சை அஞ்சு நிமிஷத்துல வராது தங்கச்சி.

அதனால ஹைலைட்டர தூக்கிப் போட்டுட்டு வெள்ளைத் தாள் எடு. மலாயன் யூனியன் எந்த வருஷம், ஏன் எதிர்த்தாங்க, மலாயா கூட்டரசு எந்த வருஷம்னு பார்க்காம எழுது. 1946-ம் 1948-ம் மாத்தி எழுதுவ, பரவால்ல, இப்போ வீட்டுல மாத்தி எழுதினா யாரு மார்க்க குறைக்கப் போறா. புத்தகத்த தெறந்து உடனே திருத்திக்கோ. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, இது சரிதான்னு அடிச்சு சொல்லி எழுதினது தப்பா போச்சுன்னா, திருத்தின பிறகு அதுதான் நல்லா மனசுல நிக்குமாம், பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-ல எழுதியிருக்காங்க. ஆனா திருத்தணும், அதான் முக்கியம். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ரெண்டு மணி நேரம் படிக்கறேன்னு கெளம்பாத, தூங்கு. பஸ்ஸுல வரும்போது பத்து கேள்வி மனசுக்குள்ள கேட்டுப் பாரு, அதுவே படிப்புதான்.

கேள்வி: தம்பி பர்கர் ஸ்டால் போட்டான், மூடிட்டான். அப்புறம் ஐஸ் கடை, மூடிட்டான். இப்போ நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) போடறேன்னு என்கிட்ட காசு கேக்கறான். கேட்டா "தோல்விதான் அக்கா பாடம்"ங்கறான். எதுல என்ன பாடம் கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியல. (ஒரு அக்கா, குரூண்)

பதில்: எனக்கும் தெரியல லா. தோத்தாலே பாடம் வந்துடும்னு நம்மாளுங்க ஒரு நம்பிக்கை வச்சிருக்காங்க, நெசத்துல தோக்கறப்போதான் மனுஷன் காத மூடிக்கறான். சிகாகோ பல்கலைக்கழகத்துல எஸ்க்ரைஸ்-விங்க்லர், ஃபிஷ்பாக்னு ரெண்டு பேர் 2019-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கேள்விக்கு ரெண்டே விடை, ஒண்ணு சரி ஒண்ணு தப்பு, அப்போ "உன் விடை தப்பு"ன்னு சொன்னாலே சரியானது எதுன்னு தெரிஞ்சு போகுதுல்ல? ஆனாலும் தப்புன்னு கேட்டவங்க, சரின்னு கேட்டவங்கள விட கம்மியாத்தான் கத்துக்கிட்டாங்க. காரணம் மானப் பிரச்சினை, நான் தோத்தேன்னு கேட்டதும் மனசு வேற பக்கம் திரும்பிடுது. அதே தப்ப இன்னொருத்தன் பண்றத பார்த்தா நல்லா கத்துக்கறாங்க!

அதனால தம்பிகிட்ட "ஏன்டா தோத்த"ன்னு கேக்காதீங்க, சண்டைதான் வரும். "உன் கூட்டாளி ஒருத்தன் பீடோங்ல பர்கர் கடை போடறானாம், என்ன பார்த்துக்கணும்னு அவனுக்கு சொல்லிக் குடு"ன்னு கேளுங்க. அவன் வாயிலேருந்தே வரும், வாடகை, எடம், மழை நாள்ல யாரும் வரல, கூட்டாளிங்களுக்கு கடன் குடுத்தது. அத ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. அப்புறம் நாசி லெமாக்குக்கு கடை எடுக்கறதுக்கு முன்னாடி, காலையில இருவது பொட்டலம் வீட்டுல கட்டி பேக்டரி பஸ் நிக்கற எடத்துல ரெண்டு வாரம் வித்துக் காட்டட்டும். வித்தா காசு குடுங்க, விக்கலன்னா நீங்க தப்பிச்சீங்க.

கேள்வி: எனக்கு 56 வயசு. முறுக்கு சுட்டு விக்கறேன். எல்லாரும் போன்ல காசு அனுப்பறேங்கறாங்க, எனக்கு அதத் தொடவே பயம், காசு எங்கயாவது போயிடுமோன்னு. மருமக வேற சிரிக்கறா. இந்த வயசுல மண்டையில ஏறுமா? (பீடோங்)

பதில்: ஏறும்க்கா. 60 வயசுக்காரங்களுக்கு மூணு பந்த தூக்கிப் போட்டு பிடிக்கக் கத்துக் குடுத்து மூளைய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சில பகுதி வளர்ந்திருக்குன்னு ஜெர்மனியில 2008-ல கண்டுபிடிச்சிருக்காங்க, இளசுங்க அளவுக்கு வேகமா கை வரல, அவ்வளவுதான். உங்க பயம் நியாயமான பயம், காசாச்சே. அதனால தப்ப மலிவா பண்ணுங்க, மக போனுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) அனுப்பிப் பாருங்க, அவ உங்களுக்கு திருப்பி அனுப்பட்டும், பத்து தடவை. தப்பா போனாலும் ஒரு வெள்ளிதான். உங்ககிட்ட ரகசிய நம்பர் கேக்கறவன் யாரா இருந்தாலும் போன வச்சுடுங்க. மருமககிட்ட முறுக்கு பிழியச் சொல்லிக் குடுங்க, சிரிக்கறது தானா அடங்கிடும்.

கேள்வி: டீச்சர், ஹோட்டல் ஹால்ல ஒரு மோட்டிவேஷன் கிளாஸுக்கு 350 வெள்ளி கட்டிப் போனேன். "மைண்ட்செட் மாறினா எல்லாம் மாறும், ஏழையா இருக்கறது உன் எண்ணம்தான்"னு சொன்னாரு, கை தட்டினோம், அழுதோம். மறுநாள் வேலைக்குப் போனா எல்லாம் அப்படியே இருக்கு. அடுத்த லெவல் கிளாஸ் 1200 வெள்ளியாம். போலாமா? மைண்ட்செட்ங்கறது உண்மையா, ரீலா? (வேர்ஹவுஸ்ல வேலை செய்யும் வாசகர், 27 வயசு)

பதில்: உண்மைதான் தம்பி, ஆனா அவர் வித்த அளவுக்கு இல்ல. மேல சொன்ன டிவெக் ஆராய்ச்சியத்தான் ஊர் ஊரா ஊதிப் பெருக்கி விக்கறாங்க. சரியா அளந்து பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு, 2019-ல நேச்சர் இதழ்ல வந்துச்சு, அமெரிக்காவுல 12,000-க்கும் மேல ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க. மூளை வளரும், திறமை மாறும்னு சொல்ற ஒரு சின்ன பாடம், மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள்ள, கம்ப்யூட்டர்ல. மார்க்கு கம்மியா இருந்த பிள்ளைங்களுக்கு அந்த வருஷ சராசரி 0.1 புள்ளி ஏறுச்சு, அவங்க ஊர்ல 4-க்கு கணக்கு. செலவே இல்லாத ஒரு மணி நேரத்துக்கு அது நல்ல பலன், நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா 0.1 தம்பி, பங்களா இல்ல. அதுவும் கஷ்டமான வேலைய எடுத்து செய்யறத கூட படிக்கற பிள்ளைங்க மதிச்ச பள்ளிக்கூடங்கள்லதான் பலன் நல்லா நின்னுச்சு. அதுக்கு முந்தின வருஷம் பல ஆய்வுகள ஒண்ணா கொட்டி அலசினவங்களும், மொத்தத்துல பலன் சின்னது, கஷ்டப்படற குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு கொஞ்சம் உதவலாம்னுதான் முடிச்சாங்க.

"ஏழையா இருக்கறது உன் எண்ணம்"னாரு பாருங்க, அங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. கித்தா (ரப்பர்) போயி செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, தோட்டத்த துண்டு போட்டு வித்தப்போ லயத்த, அந்த வரிசை வீடுகள, காலி பண்ணிட்டு வந்த சனங்க நாம. விடியறதுக்கு முன்னாடி எழும்பின உங்க பாட்டிக்கு எண்ணம் சரியில்லையா? சம்பளம் சரியில்ல, வீடு சொந்தமில்ல, பிள்ளை படிக்க பெரிய பள்ளிக்கூடம் பக்கத்துல இல்ல. இத மூடி மறைச்சுட்டு மனச மட்டும் மாத்துன்னு சொல்றவர்கிட்ட 350 வெள்ளி குடுத்ததே அதிகம்.

மனசு எங்க வேலைக்கு வரும்னா, தப்பு நடந்த அடுத்த அஞ்சு நிமிஷத்துல. நான் இவ்வளவுதான்னு நெனக்கறவன் கண்ண மூடிக்குவான், கத்துக்கலாம்னு நெனக்கறவன் என்ன ஆச்சுன்னு குனிஞ்சு பார்ப்பான். குனிஞ்சு பார்த்த பிறகு சொல்லிக் குடுக்க ஆள் வேணும், திரும்ப செஞ்சு பார்க்க எடம் வேணும், அது ஹோட்டல் ஹால்ல கெடைக்காது. அந்த 1200 வெள்ளிய கட்டாதீங்க. வேர்ஹவுஸ்லதானே இருக்கீங்க, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற பயிற்சி சுங்கைப்பட்டாணி பக்கம் எங்க நடக்குது, எவ்வளவு ஆகும், முடிச்சா உங்க கம்பெனியில சம்பளம் ஏத்துவாங்களான்னு சூப்பர்வைசர்கிட்ட மொதல்ல கேளுங்க. அவர் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க.